நீர்க்கரையின் மறுவாழ்வு: கிழக்கேகோட்டையும் பார்வதி புத்தனாறும்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பஸ்ஸைவிட்டு இறங்கும் வெளியூர்ப் பிரயாணி முதலில் காண்பது கோட்டை வாயிலும், அதன் வழியே தெரியும் பத்மநாபசுவாமி கோயிற் கோபுரமும் ஆகும். கிழக்கே திரும்பினால் சாலைக் கடைத்தெரு. வடக்கே சென்றால் பழவங்காடிக் கணபதி கோயில். அதற்கும் அப்பால் தம்பானூர் ரயில் நிலையம். இவற்றையெல்லாம் பார்த்துச் செல்பவர், தாம் நடக்கும் நிலத்தைச் சுற்றிப் பல நீர்வழிகள் ஓடுகின்றன என்பதை எளிதில் உணரமாட்டார். அவற்றுள் சில கட்டிடங்களுக்கு இடையிலும், சில தண்டவாளங்களுக்கு அடியிலும் மறைந்துபோயின. பெருமழை பெய்து, முழங்கால் அளவு நீர் வீதியில் நிற்கும்போதுதான் அவற்றின் நினைவு ஊராருக்கு வருகிறது.

ஒரு காலத்தில் இந்நகரின் வாணிபம் இந்த நீர்வழிகளை நம்பியே நடந்தது. பின்னர் அவை கைவிடப்பட்டுச் சாக்கடையாயின. இப்பொழுது அவற்றை மீட்டு, கரைகளை மக்களுக்குப் பயன்படுமாறு திருத்தி அமைக்கும் முயற்சிகள் நடைபெறுகின்றன. பழைய துறைமுகங்களையும், ஆலைகளை ஒட்டிய நீர்க்கரைகளையும் புதுப்பிப்பது இன்று உலகில் பல நகரங்கள் மேற்கொண்டுள்ள பணியாகும். இப்பணியில் வெற்றி கண்ட இடங்களிலும், தோல்வி கண்ட இடங்களிலும் ஓர் உண்மை பொதுவாகத் தென்படுகிறது. நீர்க்கரையைச் சீராக்கும் வேலை கரையில் தொடங்குவதன்று. நீருக்குள் என்ன வந்து விழுகிறது என்ற கேள்வியில் தொடங்குவது. அந்த உண்மையைக் கிழக்கேகோட்டை வட்டாரத்தின் உதாரணத்தைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வள்ளமும் கடவும்

திருவிதாங்கூரின் தலைநகர் 1795-ஆம் ஆண்டில் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாற்றப்பட்டது. கார்த்திகைத் திருநாள் இராமவர்ம மகாராஜாவின் திவானாக இருந்த ராஜா கேசவதாசர், கோட்டைக்குக் கிழக்கே சாலைக் கடைத்தெருவை நிறுவினார். கோயிலுக்கும் அரண்மனைக்கும் பெருகிவந்த குடிமக்களுக்கும் வேண்டிய அரிசி, பலசரக்கு, துணி முதலியன அங்கே விற்கப்பட்டன. நாஞ்சில் நாட்டு அரிசியும், பாண்டி நாட்டுச் சரக்குகளும், அவற்றோடு தமிழ் வணிகர்களும் அங்கு வந்து சேர்ந்தனர். இன்றும் சாலையின் குறுகிய சந்துகளில் தமிழ் ஒலிப்பதைக் கேட்கலாம்.

வண்டிகளில் மட்டும் இவ்வளவு சரக்கையும் கொண்டுவருதல் அரிது. கௌரி பார்வதி பாய் ராணியார் ஆட்சிப் பொறுப்பை வகித்த காலத்தில், 1820-களில், கடற்கரைக்கு இணையாக ஒரு கால்வாய் வெட்டப்பட்டது. அதுவே பார்வதி புத்தனாறு. இயற்கையாக அமைந்த ஆறன்று, புதிதாக வெட்டிய ஆறு என்பதை அப்பெயரே காட்டுகிறது. வள்ளக்கடவிலிருந்து வடக்கே வேளிக் காயலையும் கடினங்குளம் காயலையும் அது இணைத்தது. வள்ளம் என்பது படகு. கடவு என்பது துறை. வடக்கிலிருந்து வந்த படகுகள் வள்ளக்கடவில் சரக்கை இறக்கின. அங்கிருந்து சாலைக் கடைத்தெருவுக்கு மாட்டு வண்டியில் செல்லச் சில நாழிகையே பிடிக்கும்.

வர்க்கலையில் குறுக்கிட்ட குன்றுகளைக் குடைந்து 1880-ஆம் ஆண்டளவில் இரண்டு சுரங்கங்கள் அமைக்கப்பட்ட பிறகு, திருவனந்தபுரத்திலிருந்து கொல்லம் வழியாக வடக்கே ஷொர்ணூர்ப் பக்கம் வரையில் நீர்ப்பாதை ஏற்பட்டது. தெற்கேயும் இதை நீட்டிக் கன்னியாகுமரி வரை கொண்டுசெல்ல எண்ணி, 1860-இல் அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் தொடங்கப்பட்டது. அது முழுமை பெறவில்லை. வெட்டப்பட்ட பகுதிகள் குமரி மாவட்டத்துக் கடற்கரைக் கிராமங்களில் இன்றும் காணப்படுகின்றன. ஆகவே, இங்கு கூறப்படும் பிரச்சினை மலையாள நாட்டுக்கு மட்டும் உரியதன்று. நம் மாவட்டங்களிலும் உள்ளதேயாகும்.

கைவிடப்பட்ட நீர்வழி

கொல்லத்திலிருந்து வந்த ரயில் பாதை 1918-இல் திருவனந்தபுரத்தின் சாக்கைப் பகுதியை எட்டியது. முதலில் அமைந்த ரயில் முனை கால்வாய்க்கு அருகிலேயே இருந்தது. பின்னர் 1931-இல் ரயில் தம்பானூர் வரை நீட்டப்பட்டது. சரக்கு நகரின் நடுவிலேயே வந்து இறங்கலாயிற்று. அதன்பின் மோட்டார் லாரிகள் பெருகின. படகுக்கு வேலை குறைந்தது, துறைகள் வெறிச்சோடின.

அதே காலத்தில் கால்வாயின் வடபகுதியை ஒட்டிய நிலம் கைத்தொழில் பிரதேசமாயிற்று. சாக்கையில் 1930-களில் ரப்பர் தொழிற்சாலை ஏற்பட்டது. கொச்சுவேளியில் டிராவன்கூர் டைட்டானியம் புராடக்ட்ஸ் என்னும் ஸ்தாபனம் 1946-இல் நிறுவப்பட்டு, கடற்கரை மணலிலிருந்து கிடைக்கும் கனிமத்தைக் கொண்டு டைட்டானியம் டையாக்ஸைடு தயாரிக்கலாயிற்று. வேலை தேடி வந்தவர்களும், நகரில் மனை வாங்க இயலாதவர்களும் கால்வாயின் இரு கரைகளிலும் குடியேறினர். போக்குவரத்துக்கு உதவாத நீரைப் பற்றி எவரும் கவலை கொள்ளவில்லை. வீட்டுக் கழிவு, கடைக் கழிவு, தொழுவக் கழிவு யாவும் அதனுள் விடப்பட்டன. ஆகாயத்தாமரை நீரை மூடிப் படர்ந்தது.

நகருக்குள் ஓடும் ஓடைகளின் கதியும் இதுவேயாயிற்று. விண்ணோக்கு நிலையம் அமைந்த குன்றின் பக்கமிருந்து புறப்பட்டு, தம்பானூர் ரயில் நிலையத்தின் அடியில் நுழைந்து, தகரப்பறம்பு, வஞ்சியூர், கண்ணம்மூலை வழியாக ஆக்குளம் காயலில் சேரும் ஓடைக்கு ஆமையிழஞ்சான் தோடு என்று பெயர். தோடு என்பது மலையாளத்தில் ஓடையைக் குறிக்கும். ஆமைகள் ஊர்ந்து திரிந்த ஓடை என்பது பெயரின் பொருள். ஆமைகள் வாழ்ந்த நீர் தெளிவாக இருந்திருக்கவேண்டும். இன்று அந்நீரில் ஆமையைக் காண்பது அரிது.

2024-ஆம் ஆண்டு ஜூலை 13-ஆம் தேதி நடந்த துயரச் சம்பவம் இந்த ஓடையின் நிலையை நாடு முழுவதற்கும் அறிவித்தது. மழைக்காலத்தில், ரயில் தண்டவாளங்களுக்கு அடியில் நூறு மீட்டருக்கு மேல் நீண்டு செல்லும் சுரங்கப் பகுதியின் வாயிலில் அடைத்துக்கிடந்த குப்பையை அகற்றும் பணிக்காக இறங்கிய தொழிலாளி ஒருவர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார். தீயணைப்புப் படையினரும் முக்குளிப்போரும் இரவு பகலாகத் தேடினர். பிளாஸ்டிக் குப்பையும் சேறும் சுரங்கத்தை அடைத்திருந்தமையால், தேடுவோர் உள்ளே முன்னேறுவதே அபாயகரமாக இருந்தது. திருவனந்தபுரத்தைச் சேர்ந்த பொறியாளர்கள் உருவாக்கிய காமிராப் பொருத்திய இயந்திர மனிதக் கருவியும் இத்தேடலில் உபயோகிக்கப்பட்டது. மூன்றாம் நாள், அதாவது ஜூலை 15 அன்று, அவருடைய உடல் தகரப்பறம்புப் பக்கத்தில் கண்டெடுக்கப்பட்டது. கேரள உயர் நீதிமன்றம் இதனைத் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

நீர்க்கரைச் சீரமைப்பு என்றால் நடைபாதையும் பூச்செடியும் விளக்குத் தூணும் மட்டுமே நினைவுக்கு வருமாயின், இந்தத் தொழிலாளியின் மரணத்தை ஒருகணம் எண்ணிப் பார்க்க வேண்டும். நகரம் எறிந்துவிட்டு மறந்த குப்பையை எடுக்கச் சென்று அவர் உயிர் நீத்தார். எந்தச் சீரமைப்பும் இத்தகைய வேலைக்கு மனிதனை மீண்டும் அனுப்பாத நிலையை உண்டாக்க வேண்டும் என்பதே அதன் முதல் அளவுகோல்.

நீர் தன்னைச் சுத்தம் செய்துகொள்வது எங்ஙனம்

ஓடும் நீர் ஓரளவு அழுக்கைத் தானே போக்கிக்கொள்ளும் என்பதை நம் முன்னோர் அறிவர். இதன் காரணத்தை விஞ்ஞானம் விளக்குகிறது. நீரில் வாழும் நுண்ணுயிர்கள் அழுகும் பொருள்களை உணவாகக் கொண்டு, அவற்றைத் தீங்கற்ற பொருள்களாகச் சிதைக்கின்றன. இதற்கு அவை நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை உபயோகிக்கின்றன. செலவான பிராணவாயுவை நீர் காற்றிலிருந்து மீண்டும் பெறுகிறது. வரவு செலவுக்குச் சமமாக உள்ளவரை நீர் உயிருடன் இருக்கும்.

நம் நாட்டின் வெப்ப நிலையில், ஒரு லிட்டர் நல்ல நீரில் ஏறத்தாழ 7 முதல் 8 மில்லிகிராம் பிராணவாயுவே கரைந்து நிற்கும். குளிப்பதற்கு ஏற்ற நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையாமல் பிராணவாயு இருக்கவேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரையறை. ஆனால், சுத்திகரிக்கப்படாத வீட்டுக் கழிவுநீர் ஒரு லிட்டரிலுள்ள அழுக்கைச் சிதைக்க, ஐந்து நாட்களில் சுமார் 200 மில்லிகிராம் பிராணவாயு தேவைப்படும். அதாவது, ஒரு லிட்டர் கழிவுநீர் 25 லிட்டருக்கு மேற்பட்ட நல்ல நீரிலுள்ள பிராணவாயு முழுவதையும் தீர்த்துவிட வல்லது. ஒரு குடும்பத்தின் அன்றாடக் கழிவை இக்கணக்கால் பெருக்கிப் பார்த்தால், சிறு ஓடை ஒன்று எவ்வளவு விரைவில் மூச்சுத் திணறும் என்பது புலனாகும்.

பிராணவாயு தீர்ந்தபின் வேறுவகை நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அவை அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை வெளியிடுகின்றன. நீரிலுள்ள இரும்புடன் அவ்வாயு சேர்ந்து கரிய சேறாகப் படிகிறது. கால்வாய் கறுத்திருப்பதும் நாறுவதும் இதனாலேயே. மீன்கள் மடிகின்றன. மீன்கள் மடிவதால் கொசுப் புழுக்களைத் தின்பார் இல்லை. ஆகாயத்தாமரை நீரின் மேல் பரவி, காற்றிலிருந்து பிராணவாயு கரைவதையும் தடுக்கிறது.

பார்வதி புத்தனாற்றுக்கு மற்றொரு குறையும் உண்டு. அது கடற்கரையின் சமநிலத்தில் வெட்டப்பட்டதாதலின் சரிவு மிகக் குறைவு. மழைக்காலத்தில் மட்டுமே பொழிமுகங்கள் திறந்து நீர் கடலுக்குச் செல்கிறது. கோடையில் அலைகள் மணலைக் கொணர்ந்து முகத்தை அடைத்துவிடும்பொழுது நீர் தேங்கி நிற்கிறது. தேங்கிய நீருக்குக் காற்றின் பிராணவாயு போதிய அளவு கிடைப்பதில்லை. எனவே, வேகமாக ஓடும் ஆறு ஒன்று தாங்கக்கூடிய கழிவில் ஒரு சிறு பங்கைக்கூட இக்கால்வாய் தாங்காது.

மழைநீரின் கணக்கு

கிழக்கேகோட்டையை அடுத்த புத்தரிக்கண்டம் மைதானம் ஒருகாலத்தில் நெல் வயலாக இருந்தது. கோயிலுக்குப் புத்தரிசி விளைந்த கண்டம் என்பதே அதன் பெயர்க் காரணம். தம்பானூரும் தாழ்ந்த நிலப்பகுதியே. குன்றுகளிலிருந்து இறங்கும் மழைநீர் இவ்வயல்களில் தங்கி, மெல்ல வடிந்து ஓடைகளை அடைந்தது. வயல் வரப்பு 15 சென்டிமீட்டர் நீரைத் தாங்குமாயின், ஒரு ஹெக்டேர் வயல் 15 லட்சம் லிட்டர் நீரைப் பிடித்துவைக்கும். எந்தப் பொறியாளரும் கட்டாத நீர்த்தேக்கம் அது.

திருவனந்தபுரத்தில் ஆண்டொன்றுக்குச் சுமார் 180 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவக் காற்றுகளாலும் இம்மழை கிடைக்கிறது. ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால், அது ஒரு கோடி லிட்டர் நீர் ஆகும். மண்ணும் புல்லும் உள்ள இடத்தில் இதில் ஒரு பகுதி நிலத்துக்குள் இறங்கும். சிமெண்டும் தாரும் மூடிய இடத்தில் ஏறத்தாழ முழுவதும் உடனே ஓடையைத் தேடி ஓடும். ஓடை குறுகி, குப்பையால் அடைபட்டிருந்தால் வெள்ளம் வீதிக்கு வருகிறது. அவ்வெள்ளத்தில் கழிவுநீரும் கலந்திருப்பதால் எலிக்காய்ச்சல் போன்ற நோய்கள் பரவ இடமுண்டு.

2015-ஆம் ஆண்டில் மாநில அரசும் மாவட்ட நிர்வாகமும் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் அதிகாரத்தைக் கொண்டு ‘ஆப்பரேஷன் அனந்தா’ என்னும் பணியைத் தொடங்கின. தம்பானூர், கிழக்கேகோட்டைப் பகுதிகளில் ஆண்டுதோறும் நேர்ந்த வெள்ளத்தைத் தவிர்ப்பதே நோக்கம். பழைய வரைபடங்களை வைத்துக்கொண்டு வடிகால்களைத் தேடியபோது, தெக்கனக்கரை வாய்க்கால் முதலியவை கட்டிடங்களின் அடியிலும் பின்புறத்திலும் அகப்பட்டன. ஆக்கிரமிப்புகள் சில அகற்றப்பட்டன. பல ஆண்டுகளாகப் படிந்த மண் வாரப்பட்டது. வெள்ளம் ஓரளவு தணிந்தது. ஆயினும், இதிலிருந்து ஒரு பாடம் தெரிந்தது. ஓடையைத் தூர்வாருவது ஆண்டுதோறும் செய்யவேண்டிய வேலை. தூர் சேரும் காரணத்தை நீக்கினாலன்றி அது முடிவதே இல்லை.

வரிசை மாறலாகாது

இக்காரணத்தை நீக்கிக் காட்டிய இரண்டு வெளிநாட்டு உதாரணங்களை இங்கு கூறுவது பயனுடைத்து.

ஜெர்மனியின் ரூர் பிரதேசம் நிலக்கரிக்கும் இரும்புக்கும் பெயர்பெற்றது. அங்கு ஓடும் எம்ஷர் ஆறு, நூறாண்டுகளுக்கு மேல் திறந்த சாக்கடையாக இருந்தது. சுரங்கம் தோண்டியதால் நிலம் அமிழ்ந்துகொண்டே வந்தது. நிலத்தடியில் குழாய் பதித்தால் உடைந்துவிடும். ஆகவே, 1899-இல் நகரங்களும் சுரங்கக் கம்பெனிகளும் சேர்ந்து ஒரு கூட்டுச் சங்கம் அமைத்து, கழிவுநீர் முழுவதையும் ஆற்றிலேயே விட்டு, ஆற்றை நேராக்கிக் காங்கிரீட் வாய்க்கால் ஆக்கின. சுரங்கங்கள் மூடப்பட்டு நிலம் உறுதிப்பட்டபின், 1992-இல் மீட்புப் பணி தொடங்கிற்று. முதலில் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டப்பட்டன. அடுத்து, ஆற்றுக்கு இணையாக நிலத்தின் அடியில் 51 கிலோமீட்டர் நீளமுள்ள பெருங்குழாய் அமைக்கப்பட்டது. கழிவுநீர் வருவது நின்ற கிளை ஓடைகளில் மட்டும் காங்கிரீட்டைப் பெயர்த்துக் கரைகளை இயற்கையாக்கினர். 2021-ஆம் ஆண்டின் முடிவில்தான் எம்ஷர் ஆறு கழிவுநீரினின்று விடுபட்டது. முப்பது ஆண்டு உழைப்பும், ஐந்நூறு கோடி யூரோவுக்கு மேற்பட்ட பணமும் இதற்குச் செலவாயின.

தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரில் இப்பணி பத்தாண்டுகளில் நிறைவேறியது. பிரதமர் லீ குவான் இயூ 1977-இல் சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் நீர்ப்பரப்பையும் பத்தாண்டுகளில் சுத்தம் செய்யவேண்டும் என்று பணித்தார். ஆற்றில் அழுக்கு எங்கெங்கிருந்து வருகிறது என்பது முதலில் கணக்கெடுக்கப்பட்டது. பன்றிப் பண்ணைகளும் வாத்துப் பண்ணைகளும் நீக்கப்பட்டன. வீதியில் உணவு விற்றோருக்குக் குழாய் நீரும் கழிவு வடிகாலும் உள்ள விற்பனைக் கூடங்கள் கட்டித் தரப்பட்டன. கரைகளில் குடிசையில் வாழ்ந்த 20,000-க்கு மேற்பட்ட குடும்பங்கள் அரசு கட்டிய வீடுகளுக்கு மாற்றப்பட்டன. சரக்குப் படகுகள் 1983-இல் வேறிடம் சென்றன. அதன்பின் அடிச்சேறு வாரப்பட்டது. கடைசியில்தான் கரையில் மரமும் நடைபாதையும் வந்தன. 1987-இல் பணி முடிந்தது.

இவ்விரு உதாரணங்களிலும் வேலையின் வரிசை ஒன்றே. முதலாவது, கழிவுநீரைத் தனிக் குழாயில் பிரித்தல். இரண்டாவது, குப்பை நீருக்கு வராமல் செய்தல். மூன்றாவது, கரையில் வாழ்வோருக்கு மாற்று இடமும் பிழைப்பும் அளித்தல். நான்காவது, சேற்றை அகற்றுதல். ஐந்தாவது, கரையைத் திருத்தி அழகுபடுத்துதல். இவ்வரிசையைத் தலைகீழாக்கி, ஐந்தாவது வேலையிலிருந்து தொடங்கும் நகரங்கள் சில ஆண்டுகளிலேயே நாற்றமெடுக்கும் பூங்காவைப் பெறுகின்றன.

திருவனந்தபுரத்தின் நிலை

திருவனந்தபுரத்தில் 1940-களிலிருந்தே பாதாளச் சாக்கடை ஏற்பாடு உண்டு. நெடுங்காலம் வரை அதன் கழிவுநீர் வலியதுறைப் பக்கத்திலுள்ள பண்ணைக்குச் செலுத்தப்பட்டு, மாட்டுத் தீவனப் புல் வளர்க்கப்பட்டது. பின்னர் முட்டத்தறையில், நாளொன்றுக்கு 10.7 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கவல்ல நிலையம் கட்டப்பட்டது. நிலையம் பெரிது, ஆனால், பாதாளச் சாக்கடைக் குழாய் நகரின் ஒரு பகுதிக்கே சென்றுள்ளது. குழாய் எட்டாத வீடுகளின் கழிவு, மலக்குழியில் இறங்குகிறது. அல்லது ஓடையை அடைகிறது. ஆகவே, கால்வாயின் மீட்பு முட்டத்தறையிலும் வீடுகளின் பின்கட்டிலும் தீர்மானிக்கப்படுவதே தவிர, கால்வாயின் கரையில் அன்று.

குப்பை விஷயத்திலும் நகரம் கடினமான பாடம் கற்றது. விளப்பில்சாலைக் கிராமத்தில் இருந்த குப்பைத் தொழிற்சாலை, அங்குள்ள மக்களின் எதிர்ப்பினால் 2011 டிசம்பரில் மூடப்பட்டது. நகரின் குப்பையை வேறொரு கிராமத்தின் தலையில் சுமத்த இயலாது என்பது தெளிவாயிற்று. வீட்டிலேயே மக்கச் செய்தல், வார்டுதோறும் காற்றோட்டமுள்ள உரத்தொட்டிகள், பிளாஸ்டிக்கைத் தனியே சேகரிக்கும் ஹரித கர்ம சேனைப் பெண்கள் என்ற புதிய ஏற்பாடுகள் ஏற்பட்டன. இவை நன்றாக நடக்கும் தெருக்களின் ஓடையும், நடவாத தெருக்களின் ஓடையும் எவ்வாறுள்ளன என்பதை எவரும் நேரில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கேரள அரசும் கொச்சி சர்வதேச விமான நிலையக் கம்பெனியும் சேர்ந்து 2017-இல் அமைத்த நீர்வழி நிறுவனம், கோவளத்திலிருந்து பேக்கல் வரை 616 கிலோமீட்டர் நீளமுள்ள மேற்குக் கரை நீர்ப்பாதையைச் சீர்ப்படுத்தும் பணியை ஏற்றுள்ளது. பார்வதி புத்தனாறு அதன் தென்கோடிப் பகுதி. ஆகாயத்தாமரையும் சேறும் இயந்திரங்களால் அகற்றப்பட்டன. படகு செல்லத் தடையாக இருந்த தாழ்ந்த பாலங்களுக்கு மாற்றுகள் வரத் தொடங்கின. கரிக்ககத்தில் படகு வரும்போது மேலே உயரும் தூக்குப் பாலம் அமைக்கப்பட்டுள்ளது. போக்குவரத்துக்காக நீரைத் தெளிவாக வைத்திருக்கவேண்டிய அவசியம் ஏற்படுமாயின், அது கால்வாய்க்கு நிலையான காவலாகும். உபயோகமற்ற நீர்வழியே சாக்கடையாகிறது என்பது இதன் சரித்திரம் கூறும் செய்தி.

கரையில் வாழ்வோர்

மேற்கூறிய ஐந்து வேலைகளுள் மூன்றாவது எல்லாவற்றிலும் கடினமானது. கரையில் குடியிருப்போரை ஆக்கிரமிப்பாளர் என்ற ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால், சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்குவோரும், வீடுகளில் வேலை செய்வோரும், நகரைச் சுத்தம் செய்வோரும் அங்கேயே வாழ்கின்றனர். தொலைவில் வீடு கொடுத்தால் அவர்கள் கூலியின் ஒரு பங்கு பஸ் கட்டணத்துக்கே போய்விடும். சில மாதங்களில் திரும்பி வந்துவிடுவர்.

சாலைக்கு அருகிலுள்ள கரிமடம் குடியிருப்பில் வேறொரு வழி கையாளப்பட்டது. ஒரு குளத்தைச் சுற்றி நெருக்கமாக அமைந்த அக்குடியிருப்பில், மக்களை அப்புறப்படுத்தாமல் அதே நிலத்தில் அடுக்குமாடி வீடுகள் கட்டும் திட்டம் நகர்ப்புற மறுமலர்ச்சி இயக்கத்தின்கீழ் மேற்கொள்ளப்பட்டது. காஸ்ட்ஃபோர்டு நிறுவனம் அதை வடிவமைத்தது. திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-இல் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் சிக்கன முறைகளைப் பின்பற்றுவது இந்நிறுவனம். தொழில் செய்யும் இடத்துக்கு அருகிலேயே மக்கள் இருக்கும்படி வீடமைப்பதே நீர்க்கரைச் சீரமைப்பின் சரியான வழி என்பதை இம்முயற்சி காட்டுகிறது. வீடு கிடைத்தவர் கழிப்பிடக் குழாயையும் பெறுகிறார். அதனால் நீரும் காப்பாற்றப்படுகிறது.

பழைய கட்டிடங்களை இடிக்காமல் பயன்படுத்துவதும் சிக்கனமே. வள்ளக்கடவில் கால்வாயை ஒட்டியிருந்த பழைய படகுப்புரை பல ஆண்டுகள் பாழடைந்து கிடந்தது. மாநில உயிர்ப்பல்வகைமை வாரியம் அதைப் பழுதுபார்த்து அருங்காட்சியகமாக மாற்றியுள்ளது. படகுகளுக்கு நிழல் தந்த கூரையின் கீழ், மேற்குத் தொடர்ச்சி மலையின் உயிரினங்களைப் பற்றி மாணவர்கள் கற்கின்றனர். வெளியே வந்து கால்வாயைப் பார்க்கும்போது அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு நாம் என்ன பதில் சொல்லப்போகிறோம் என்பதே நம்முன் உள்ள வினா.

கரையை உறுதிப்படுத்துவதற்குக் காங்கிரீட் சுவர் ஒன்றே வழி என்று எண்ணவேண்டுவதில்லை. தென்னை நார்க் கயிற்றால் நெய்த விரிப்பைக் கரைச்சரிவில் பரப்பி, அதனூடே புல்லும் வெட்டிவேரும் நடுகின்றனர். விரிப்பு இரண்டு மூன்று ஆண்டுகளில் மக்கிவிடும். அதற்குள் வேர்கள் மண்ணைப் பற்றிக்கொள்ளும். நீர்க்கரைகளில் தாழை நட்டு மண்ணரிப்பைத் தடுத்தது நம் முன்னோர் கண்ட முறை. இவ்வகைக் கரையில் மழைநீர் கசிந்து இறங்கும். மீனும் தவளையும் ஒதுங்க இடமிருக்கும்.

களப்பணியாளருக்கும் ஆசிரியருக்கும்

சுகாதார ஊழியர்கள், கிராம சேவகர்கள், நகரசபைப் பணியாளர்கள் தங்கள் பகுதியிலுள்ள ஒவ்வோர் ஓடைக்கும் ஒரு வரைபடம் தயாரித்துக்கொள்வது நலம். எந்த இடத்தில் எந்தக் குழாய் வந்து விழுகிறது, அது மழைநீரா கழிவுநீரா, எங்கே குப்பை குவிகிறது என்பவற்றைக் குறிக்கவேண்டும். மழையற்ற நாளிலும் நீர் சொட்டும் குழாய் கழிவுநீர்க் குழாயே என்பது எளிய அடையாளம். சாக்கடைக்குள் மனிதரை இறக்கிச் சுத்தம் செய்விப்பதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. ஆட்குழியில் இறங்கிச் சேறெடுக்கும் ‘பாண்டிக்கூட்’ என்னும் இயந்திரம் திருவனந்தபுரத்திலேயே தயாரிக்கப்பட்டு 2018 முதல் உபயோகத்தில் உள்ளது. பெருச்சாளியின் பெயர் தாங்கிய இக்கருவி செல்லக்கூடிய இடத்துக்கு மனிதனை அனுப்புவது மன்னிக்கத் தகாத குற்றம்.

ஆசிரியர்கள் வகுப்பிலேயே இரு சோதனைகளைச் செய்து காட்டலாம். ஒன்று: ஒரே அளவுள்ள இரண்டு தட்டுகளைச் சிறிது சாய்த்து வைத்து, ஒன்றில் மண்ணும் புல்லும், மற்றொன்றில் சிமெண்டுப் பூச்சும் அமைத்து, பூவாளியால் ஒரு லிட்டர் நீர் ஊற்றவும். எதிலிருந்து எவ்வளவு நீர், எவ்வளவு நேரத்தில் வழிகிறது என்பதை மாணவர் அளந்து எழுதட்டும். வெள்ளத்தின் காரணம் தானே விளங்கும்.

மற்றொன்று: ஒரே மாதிரியான கண்ணாடிப் புட்டிகளில் கிணற்று நீர், குளத்து நீர், ஓடை நீர் ஆகியவற்றை விளிம்புவரை நிரப்பி, ஒவ்வொன்றிலும் சில துளி மெத்திலீன் நீலக் கரைசலைச் சேர்த்து, காற்றுப் புகாமல் மூடி இருட்டில் வைக்கவும். பிராணவாயு தீர்ந்துபோன நீரில் நீல நிறம் விரைவில் மறையும். நல்ல நீரில் பல நாட்கள் நிற்கும். விலையுயர்ந்த கருவியின்றியே நீரின் ஆரோக்கியத்தைக் கண்ணால் காணும் வழி இது. ஓடை நீரை ஆசிரியரே கையுறை அணிந்து எடுக்க வேண்டும். மாணவர்கள் அதில் இறங்கவோ கைவைக்கவோ அனுமதிக்கலாகாது. காலில் புண் உள்ளவர்கள் தேங்கிய நீரை மிதித்தால் எலிக்காய்ச்சல் பற்றக்கூடும் என்பதையும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

முதியோரிடம் சென்று, அந்த ஓடையில் முன்பு என்ன மீன் இருந்தது, எங்கே குளித்தனர், எந்த ஆண்டு முதல் குளிப்பதை நிறுத்தினர் என்று கேட்டு எழுதிவரும்படியும் மாணவர்களைப் பணிக்கலாம். அது சரித்திரமும் ஆகும், விஞ்ஞானமும் ஆகும். ஊர்ப் பெயரிலேயே சான்று மறைந்திருப்பதை அவர்கள் அறிவர். புத்தரிக்கண்டம் என்பது நெல் விளைந்ததைச் சொல்கிறது. வள்ளக்கடவு படகு வந்ததைச் சொல்கிறது. ஆமையிழஞ்சான் ஆமை ஊர்ந்ததைச் சொல்கிறது.

கிழக்கேகோட்டையைச் சுற்றியுள்ள நீர்வழிகள் மீட்சி பெற்றுவிட்டனவா என்பதை அறிய, திறப்பு விழாக்களையும் கல்வெட்டுகளையும் பார்க்கவேண்டியதில்லை. மழைக்கால இரவு ஒன்றில் தம்பானூரில் நீர் தேங்காமல் வடிகிறதா, குப்பையை அள்ள எவரும் அந்தச் சுரங்கத்தில் இறங்காமல் இருக்கின்றனரா, ஆக்குளத்தில் மீன் பிடிப்போர் அதைத் தம் வீட்டிலேயே சமைத்து உண்கின்றனரா என்று பார்த்தால் போதும். இம்மூன்றுக்கும் ஆம் என்று விடை கிடைக்கும் நாளில் கரையில் பூச்செடி நடலாம். அதுவரையில் செய்யவேண்டிய வேலை வீடுகளிலும் கடைகளிலும் பள்ளிக்கூடங்களிலும் காத்திருக்கிறது.